சாவிச் சத்தம்

பேராசிரியரின் கவிதைகள் யாருக்கும் புரிவதில்லை. அது அவருக்கு நெடுநாள் மனக்குறை. நான்கு தொகுப்புகள் போட்டிருந்தார். நான்கும் கட்டுப் பிரிக்காமல் வீட்டுப் பரணில் கிடந்தன. கல்லூரியில் சக ஆசிரியர்களுக்குக் கையெழுத்திட்டுக் கொடுப்பார். அவர்கள் மறுநாள் "அட்டைப்படம் பிரமாதம் சார்" என்பார்கள். அவர் மனைவி மட்டும் முதல் தொகுப்பை முழுக்கப் படித்தாள். படித்துவிட்டு, "யார் மேலயோ கோவமா இருக்கீங்கன்னு தெரியுது. யார் மேலன்னுதான் தெரியல" என்றாள். அதன் பிறகு அவர் அவளிடம் எதையும் காட்டுவதில்லை.

அவர் வேலை பார்த்தது சமுதாயக் கல்லூரியில், மாலை வகுப்பில். பகலெல்லாம் எங்காவது உழைத்துவிட்டு வருகிறவர்கள்தான் மாணவர்கள். கீழ்த்தளத்தில் வெல்டிங் பட்டறை, ஏ.சி. பழுதுபார்க்கும் கூடம். மேலே ஆங்கில வகுப்பு. கீழே யாராவது கம்ப்ரெஸரை ஓடவிட்டால் மேலே கரும்பலகை அதிரும். பேராசிரியர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, அது அடங்கும்வரை ஜன்னலைப் பார்த்தபடி நிற்பார். ஆங்கிலத்தில் தேறாவிட்டால் சான்றிதழ் கிடையாது என்பதால் எல்லோரும் வந்தார்கள். வந்து பாதிப் பேர் தூங்கினார்கள். விடுப்புக் கடிதம், விபத்து அறிக்கை, வாடிக்கையாளருக்குப் பதில் என்று ஆண்டு முழுக்க ஓட்டிவிட்டு, கடைசியில் வரும் 'சொந்தமாக எழுதுதல்' என்ற ஒரே ஒரு பாடத்துக்காகத்தான் அவர் காத்துக் கிடப்பார்.

அந்த ஆண்டு அந்தப் பாடம் மழையோடு வந்து சேர்ந்தது. நனைந்த குடைகள் பின்சுவரோரம் சொட்டிக்கொண்டிருந்தன. "உங்க வீட்ல இருக்கிற ஒருத்தரைப் பத்தி எழுதுங்க" என்றார். யாரும் பேனா மூடியைத் திறக்கவில்லை.

"என்ன சார் எழுதறது? எங்க வீட்ல எல்லாரும் சாதாரண ஆளுங்க" என்றான் ஏ.சி. மெக்கானிக். வகுப்பில் வாய் திறக்கிறவன் அவன் ஒருவன்தான்.

"உண்மையை எழுதுங்க. அது போதும். ஒரு வரி பொய் கலந்தாலும் கவிதை செத்துப் போயிடும்."

சும்மா சொல்லவில்லை, மனதார நம்பித்தான் சொன்னார். அடுத்த வகுப்புக்கு முன்மாதிரியாக, தன் அப்பாவைப் பற்றி ஒரு கவிதையை எளிய ஆங்கிலத்தில் எழுதி, பிரதியெடுத்து ஆளுக்கொன்று கொடுத்தார். அவர்களுக்குத் தெரிந்த சொற்களை மட்டும் வைத்து எழுதியிருந்தார். ஒரு சிறுவன் சாயங்காலம் ரேடியோ கேட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறான். பூட்டில் சாவி இரண்டு முறை திரும்புகிறது. அவன் ரேடியோவை அணைத்துவிட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய் நிற்கிறான். அப்பா உள்ளே வருகிறார். சாராய வாசனை வருகிறது. ஒரு தட்டு உடைகிறது. சிறுவன் மூச்சை அடக்கிக்கொள்கிறான். அவ்வளவுதான் கவிதை.

அவர் வாசித்து முடித்தபோது வகுப்பில் யாரும் தூங்கவில்லை. மெக்கானிக் பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தான். முதல் வரிசையில் உட்காரும் நர்ஸம்மா கண்ணைத் துடைத்தாள். அவள் இன்னும் நர்ஸ் ஆகவில்லை. லாரி டெப்போ ஒன்றின் முதலுதவி அறையில் உதவியாளர். நர்ஸ் ஆவதற்குத்தான் படித்துக்கொண்டிருந்தாள். ஆனாலும் வகுப்பில் எல்லோருக்கும் அவள் நர்ஸம்மாதான்.

வாழ்க்கையில் முதல்முறையாக அவர் கவிதை எல்லோருக்கும் புரிந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் குடையை விரிக்க மறந்து வீடுவரை நனைந்துகொண்டே போனார்.

இதில் ஒரு சின்னச் சங்கடம். அவர் அப்பா குடிப்பவர் அல்ல. ஆயுளில் தொட்டது கிடையாது. இருமல் மருந்தைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் விடுவார்.

நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காமல் ஒரு பழைய வேனை வாங்கி, தெருவுக்குத் தெரு குழந்தைகளை ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்தில் விட்டுக் கூட்டிவந்தார். பேருந்து ஓட்டியபோது உம்மென்று இருந்த மனுஷன், வேன் ஓட்டத் தொடங்கியதும் ஆளே மாறிவிட்டார். குழந்தைகள் பாடினால் ஸ்டீயரிங்கில் தாளம் போட்டார். சீட்டுக்குச் சண்டை வந்தால் பஞ்சாயத்துப் பண்ணினார். பிள்ளைகளுக்கு அவர் 'வேன் தாத்தா'. பேராசிரியரின் மகளும் அதே வேனில்தான் போனாள்; மாலையில் அவளை முதலில் வீட்டில் இறக்கிவிட்டுத்தான் மற்றவர்களைக் கொண்டுபோய் விடுவார். நர்ஸம்மாவின் பையனும் போனான். அந்த இடத்தைப் பிடித்துக் கொடுத்ததே பேராசிரியர்தான்.

கவிதை வாசித்த இரண்டொரு நாளில் பெரியவர் காலைச் சவாரி முடிந்து வீட்டுக்கு வந்தார். முன்னறையில் மருமகள் வேலையில் இருந்தாள். அவள் பல் செட் செய்கிறவள். பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சில் மெழுகு வைத்து, ஒவ்வொரு பல்லாக நட்டு, வரிசை பார்த்து, திருப்பி அனுப்புவாள். மேசையில் யாருடையதோ மேல்வரிசை பாதி முடிந்து கிடந்தது.

"இன்னிக்குப் பாதி வேன் காலிம்மா" என்றார் பெரியவர்.

"மழைக்குப் பயந்து அனுப்பியிருக்க மாட்டாங்க மாமா."

"அதான் நானும் நினைச்சேன். ஆனா அந்த மாடி வீட்டுப் பொண்ணு, கொய்யாப்பழம்னு கூப்பிடுவேனே, அதை அவங்கம்மா ஆட்டோல ஏத்தறாங்க. என்னைப் பாத்ததும் முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. நான் பிரேக் போட்டு, ஏம்மா நான் இருக்கேனேன்னு கேட்டேன். 'பரவால்லைங்க, நீங்க உடம்பைப் பாத்துக்குங்க'ங்கறாங்க. என் உடம்புக்கு என்ன?"

மருமகள் மெழுகுக் கத்தியைக் கீழே வைத்தாள். அவளுக்குக் காலையிலேயே விஷயம் வந்திருந்தது. பல் மருத்துவரிடமிருந்து அச்சு கொண்டுவரும் பெண் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். பள்ளிக்கூட வாசலில் அதுதான் பேச்சாம். நர்ஸம்மா கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சார் பாவம், சின்ன வயசில் என்ன பாடுபட்டிருக்கார் பாருங்கள் என்று உருகிப்போய்த்தான் சொல்லியிருக்கிறாள். கேட்டவர்களுக்கு சார் முக்கியமில்லை. வேனை ஓட்டுவது யார் என்பதுதான் முக்கியம்.

சாப்பாட்டு மேசையில் அவள் கணவரைப் பிடித்துக்கொண்டாள். பெரியவர் வெளியே வேனைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, அப்படி என்னதான் எழுதித் தொலைச்சீங்க?"

அவர் சொன்னார். ரொட்டியை சூப்பில் நனைத்தபடி, தைரியமாகத்தான் ஆரம்பித்தார். பாதியில் குரல் இறங்கிவிட்டது.

"மாமா எப்பங்க குடிச்சாரு?"

"குடிக்கல. அது கவிதைக்காக. கவிதையில வர்ற அப்பா என் அப்பா இல்ல."

"அப்புறம் பக்கத்து வீட்டு அப்பாவா?"

"உனக்குச் சொன்னா புரியாது."

"எனக்குப் புரியாட்டிப் போகுது. வேன்ல பிள்ளைங்களை ஏத்தறவங்களுக்கு நல்லாப் புரிஞ்சிருக்கு. அந்த வண்டி மட்டும் நின்னுதுன்னு வைங்க, அவரு மறுபடியும் அந்த மூலை நாற்காலியில உக்காந்து செவுத்தைப் பாக்க ஆரம்பிச்சிடுவாரு. ரிட்டையர் ஆன புதுசுல பாத்தோமே, மறந்துடுச்சா? நீங்க வாயால கெடுத்ததை நீங்களே வாயால சரிபண்ணுங்க."

சூப் ஆறிப்போனது.

அன்று மாலை வகுப்புக்குப் போனதும் பாடத்தைத் தொடவில்லை. கதவைச் சாத்திவிட்டு மேசை முனையில் சாய்ந்து நின்றார்.

"நான் கொடுத்த கவிதையைப் பத்தி ஒண்ணு சொல்லணும். அதுல வர்ற 'நான்' நான் இல்ல."

"அப்போ யாரு சார்?" என்றான் மெக்கானிக்.

"யாருமில்ல. கற்பனை. எங்கப்பா குடிச்சதே கிடையாது."

நர்ஸம்மா மெதுவாகத் தலையசைத்தாள். "புரியுது சார்."

"என்ன புரியுது?"

"எங்கப்பாவும் குடிச்சவர்தான் சார். நானும் வெளியில இப்படித்தான் சொல்லுவேன். எங்கப்பா தொட்டதே இல்லன்னு."

"ஐயோ, நான் நிஜமாவே சொல்றேம்மா."

"நானும் நிஜமாவே சொல்ற மாதிரிதான் சார் சொல்லுவேன்."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மெக்கானிக் எழுந்து நின்றான். அவனுக்கு அவரை மடக்கும் எண்ணமெல்லாம் இல்லை. சந்தேகம் கேட்கும் முகத்தோடுதான் நின்றான்.

"சார், நீங்கதானே சொன்னீங்க, ஒரு வரி பொய் கலந்தாலும் கவிதை செத்துப் போயிடும்னு?"

"சொன்னேன்."

"உங்க கவிதை சாகலையே சார். நான் வீட்டுக்குப் போய்ப் பொண்டாட்டிக்கு அர்த்தம் சொல்லிப் படிச்சுக் காட்டினேன். அவளுக்கு இங்கிலீஷே வராது. சாவி திரும்பற இடத்துல 'நிறுத்துய்யா, எனக்குப் பயமா இருக்கு'ன்னுட்டா. பொய்யா இருந்தா எப்படி சார் பயம் வரும்?"

பாராட்டுக்காக ஆயுள் பூராவும் ஏங்கியவருக்கு அது வந்த நேரம் அப்படி. மறுக்க மறுக்க அவர் நல்ல மகனாகிக்கொண்டே போனார். அவர் அப்பா பெரிய குடிகாரராகிக்கொண்டே போனார். கீழே கம்ப்ரெஸர் ஓடத் தொடங்கியது. அது அடங்கும்வரை அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு நர்ஸம்மா மட்டும் நின்றாள். "சார், என்னாலதான் இவ்வளவும். வாசல்ல நான் வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கணும். நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே? டெப்போல தினமும் டிரைவருங்களை ஊதவிட்டுத்தான் சாவியைக் கொடுப்போம். பழைய மிஷின் ஒண்ணு என்கிட்ட இருக்கு. தாத்தா காலையில எங்க தெருவுலதான் முதல்ல வண்டியை நிறுத்தறாரு. நான் ஊதவெச்சு எல்லாருக்கும் நம்பரைக் காட்டிடறேன். கவிதையை நம்பினவங்க மிஷினை நம்ப மாட்டாங்களா?"

இதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று பேராசிரியருக்குத் தெரியவில்லை. கடைசியில் மனைவிதான் சொன்னாள். கவிதையையும் சேர்த்தே சொன்னாள். பெரியவர் கேட்டுக்கொண்டார். கோபப்படவில்லை. "பிள்ளைங்க வருமில்ல?" என்று மட்டும் கேட்டார். "வரும் மாமா" என்றாள். "அப்ப ஊதறேன்" என்றுவிட்டுத் தூங்கப் போனார்.

மறுநாள் காலையில் நர்ஸம்மாவின் வாசலில், சீருடைப் பிள்ளைகளும் அம்மாக்களும் பார்த்திருக்க, நாற்பது வருஷம் ஒரு கீறல் இல்லாமல் வண்டி ஓட்டிய மனுஷன் குழாயில் வாயை வைத்து ஊதினார். சுழியம் வந்தது. நர்ஸம்மா கருவியைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினாள். அடுத்த நாளும் ஊதினார். அடுத்த நாளும் சுழியம். பிள்ளைகளுக்கு இது நல்ல விளையாட்டாகிப்போனது. "நானும் நானும்" என்று வரிசையில் நின்றார்கள். நர்ஸம்மாவும் குழாயை மாற்றி மாற்றி ஊதவிட்டாள். எல்லோருக்கும் சுழியம் வந்தது. பெரியவர் சிரித்து, "ஆக மொத்தம் வண்டியில யாரும் குடிக்கல, ஏறுங்க" என்றார். கொய்யாப்பழம் ஆட்டோவிலிருந்து இறங்கி வேனுக்கு ஓடிவந்தாள். மழை விட்டபோது வேன் பழையபடி நிறைந்திருந்தது.

பிரச்சினை தீர்ந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். பேராசிரியரும் அப்படித்தான் நினைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பெரியவர் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். வாளி, பிரஷ், பழைய பனியன் துணி. மிட்டாய்த் தாளும் பென்சில் சீவலும் சீட்டுக்கடியிலிருந்து கூடைக்குப் போயின. மகன் பால் வாங்கிக்கொண்டு வருவதைப் பார்த்து, "கொஞ்சம் இங்க வா" என்றார். "அந்தக் கவிதை இருக்கில்ல, அதை எடுத்துட்டு வா. படிச்சு, அர்த்தம் சொல்லு."

"எதுக்குப்பா? அதான் எல்லாம் முடிஞ்சு போச்சே."

"ஊரெல்லாம் கேட்டுடுச்சு. நான்தான் கேக்கல."

பேராசிரியர் போய் எடுத்துவந்தார். வேனுக்குள் குழந்தைகள் சீட்டில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாகப் படித்து அர்த்தம் சொன்னார். பெரியவர் ஈரத் துணியோடு படியில் உட்கார்ந்து கேட்டார். முடிந்ததும், காலையில் வண்டியை எடுக்கும் முன் பிரேக், லைட், டயர் என்று பார்ப்பாரே, அப்படி ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தார்.

"தட்டு உடைஞ்சுதா?"

"இல்லப்பா. அது சும்மா."

"சாராய வாசனை?"

"டீசல் வாசனைதான் வரும். நான்தான் மாத்திட்டேன்."

"சாவி?"

"அது நிஜம்."

"ரேடியோவை அணைச்சது?"

"அதுவும் நிஜம்."

"கதவுக்குப் பின்னால போய் நின்னது?"

பேராசிரியர் தாளை மடித்தார். "நிஜம்."

பெரியவர் துணியைப் பிழிந்தார். தண்ணீர் வரவில்லை. முன்பே பிழிந்த துணிதான்.

"ஏன்டா? நான் உன்னை அடிச்சிருக்கேனா?"

"இல்லப்பா."

"திட்டியிருக்கேனா?"

"ஒரு நாள்கூட இல்ல."

"அப்புறம் எதுக்குடா பயந்தே?"

"தெரியலப்பா. நீங்க வந்தா வீடே அமைதியாயிடும். அம்மா வாயில விரலை வெச்சுக் காட்டுவாங்க. நீங்க யார்கிட்டயும் எதுவும் பேச மாட்டீங்க. சாப்பிட்டுட்டுச் செவுத்தைப் பாத்துட்டு உக்காந்திருப்பீங்க. நான் ஏதோ தப்புப் பண்ணியிருக்கேன், அது என்னன்னு எனக்கு மட்டும் தெரியலன்னு நினைச்சுக்குவேன்." கொஞ்சம் நிறுத்திச் சொன்னார். "இதைச் சொன்னா படிக்கிறவங்க நம்ப மாட்டாங்க. ஒரு பையன் பயப்படறதுக்கு ஏதாவது காரணம் வேணும்ல? அதான் குடியை வெச்சேன்."

பெரியவர் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிர் வீட்டில் யாரோ துணி உதறிக் காயப்போட்டார்கள்.

"பகல் பூரா சத்தம்டா. ஹாரன், விசில், கண்டக்டர் கத்தறது, ஜனங்க கத்தறது. தூக்கத்துலகூடக் கேக்கும். வீட்டுக்கு வந்தாக் கொஞ்ச நேரம் சத்தம் இல்லாம இருந்தா நல்லாயிருக்கும்னு உங்கம்மாகிட்ட சொன்னேன். ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். அவ அதையே பிடிச்சுக்கிட்டா. நானும் சரி, வீடு அமைதியா இருக்கு, பையன் நல்ல பையன், ஒழுங்காப் படிக்கிறான்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்."

பேராசிரியர் மடித்த தாளை இன்னொரு முறை மடித்தார்.

"குடிச்சிருந்தா அப்பவே விட்டிருக்கலாம்" என்றார் பெரியவர். எழுந்து வாளியை எடுத்துக்கொண்டு பின்பக்கக் கண்ணாடியைத் துடைக்கப் போனார். அது முன்பே பளபளவென்றுதான் இருந்தது.

அவர் அழுதாரா என்று தெரியாது. பேராசிரியர் அந்தப் பக்கம் போய்ப் பார்க்கவில்லை. போயிருக்க வேண்டும். குழந்தைகள் சீட்டிலேயே, பால் பாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு, முழங்கால் மரத்துப்போகும்வரை உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் சாயங்காலம் வீட்டு மணி அடித்தது. பல் செட் வாங்க ஆள் வந்திருக்கிறது என்று நினைத்து, மருமகள் பாலிஷ் மோட்டாரை நிறுத்தாமலே மகளைப் போய்ப் பார்க்கச் சொன்னாள். வாசலில் தாத்தா நின்றார்.

"சாவி தொலைஞ்சுபோச்சா தாத்தா?"

"இல்ல கண்ணு. இருக்கு."

அதற்கடுத்த நாளும் மணி அடித்தது. அன்று மகள் குளித்துக்கொண்டிருந்தாள். மருமகள் பிளாஸ்டர் அப்பிய கையோடு வந்து முழங்கையால் தாழைத் தள்ளினாள். "மாமா, சாவிதான் உங்ககிட்ட இருக்கே. நீங்களே திறந்துட்டு வரக்கூடாதா? என் கையைப் பாருங்க."

"வேலை முடிஞ்சதும் மெதுவா வந்து திறம்மா. எத்தனை நேரம்னாலும் நான் நிக்கிறேன்" என்றார் பெரியவர்.

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. ராத்திரி கணவரிடம் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கல்லூரிக்கு விடுமுறை விட்ட ஒரு நாள். மனைவி பல் மருத்துவரிடம் போயிருந்தாள். மகள் அடுத்த வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தாள். பேராசிரியர் தனியாக உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டு, ரேடியோவில் ஏதோ நகைச்சுவை நிகழ்ச்சி கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். தெருவில் வேன் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கதவு சாத்தும் சத்தம். பிறகு மணி அடித்தது.

அவர் கை தானாகப் போய் ரேடியோவை அணைத்தது.

அணைத்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. சமையலறையில் அப்படியே நின்றார். கையில் பாதி சீவிய கிழங்கு. நாற்பத்தைந்து வயது.

கதவுக்கு அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் அப்பாவின் குரல் வந்தது.

"ஏன்டா நிறுத்திட்டே? பாடட்டும்."

பேராசிரியர் ரேடியோவை மறுபடியும் போட்டார். முன்பைவிடக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தார்.